தம்பிக்கு மாலை போட்ட பேய்ப்படம்

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பப் பாரங்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவள் நான். கையெழுத்து ஒத்துப்போகிறதா, அடையாளக் கார்டு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கிறதா, சம்பளச் சீட்டில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. மீன்காரர் காலையில் வந்த மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றால், ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறார் என்று யோசிப்பேன். "நீ என்கிட்டயே ஐசி காட்டச் சொல்ற ஆளு" என்பார் என் கணவர். ஐசி என்பது எங்கள் ஊரில் அடையாளக் கார்டு. ஒருமுறை அவரிடம் கேட்டதும் உண்டு, வங்கிப் பாரம் நிரப்பும்போது.

அப்படிப்பட்ட நான், ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் வீட்டை ஒரு பேய்ப்படம் எடுக்கக் கொடுத்தேன். என்னோடு வேலை பார்த்த தோழியின் மகன்தான் இயக்குநர். தாடி வைத்த பையன், பேச்சில் நல்ல மரியாதை. மரியாதை அதிகமாக இருந்ததால் முதலில் அதையே சந்தேகப்பட்டேன். ஆனால் தோழி போன் செய்து கெஞ்சும்போது முகத்தை முறித்துக்கொள்ள முடியவில்லை.

கதையைச் சொல்லச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நாலு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். அங்கே பழைய போன் ஒன்று கிடைக்கிறது, அதில் ஒரு வீடியோ கேம். விளையாடுகிறவர்களின் முகத்தை அது படம் பிடித்துக்கொள்ளும். தோற்றவரின் படத்துக்குத் திரையில் மாலை விழும். மறுநாள் விடிவதற்குள் ஆள் காலி.

"கேம் எப்படிப்பா மாலை போடும்?" என்று கேட்டேன்.

"அதான் ஆண்ட்டி திகிலே. அந்தக் கேம செஞ்சவன் அதே வீட்டுல செத்துப் போயிருக்கான். அவன் ஆவிதான் எல்லாம் பண்ணுது."

"செத்தவனுக்குப் போன் சார்ஜ் பண்றது யாரு?"

அவன் சிரித்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டான். எழுதினானோ, எழுதுவதுபோல் நடித்தானோ.

நிபந்தனைகளைத் தாளில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினேன். சாமி அறைக்குள் யாரும் போகக்கூடாது. அலமாரியைத் திறக்கக்கூடாது. ஹாலில் பழைய மாதிரி சாமான்கள் வேண்டும் என்று அவர்கள் கேட்டதால், ஸ்டோர் ரூமில் இருப்பதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். ஸ்டோரில் என்ன இருக்கிறது, உடைந்த விசிறியும் பழைய பாயும்தானே என்ற நினைப்பு.

மூன்று நாள் எடுத்தார்கள். எல்லாம் பகலில்தான். ஜன்னல்களில் கறுப்புத் துணியை ஒட்டிக் காலை பத்து மணிக்கே இருட்டாக்கினார்கள். புகை போடும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணன், கொசு மருந்துதான் அடிக்கிறார்கள் என்று நினைத்துத் தன் பறவைக் கூண்டுகளை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டார். நான் பின் அறையில் நாற்காலியைப் போட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைத்து, யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் கரண்டிகளை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இருந்தது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது, உண்மையைச் சொன்னால்.

இரண்டாம் நாள் காலை மட்டும் நான் வீட்டில் இல்லை. ஜொகூர் பாரு மருத்துவமனையில் கண் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தார்கள், அதை விட்டால் மறுபடி மூன்று மாதம். கணவருக்குச் செனாய் தொழிற்சாலையில் வேலை. கண்ணில் மருந்து விட்டு, மங்கலான பார்வையோடு இரண்டு மணிக்குத் திரும்பினேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூலாயிலிருந்து பெரியம்மா மகள் போன் செய்தார். எனக்கு அக்கா முறை.

"ஏம்மா, தம்பி தவறிட்டானா? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எந்தத் தம்பி?"

"ஒனக்கு எத்தன தம்பி லா? மாலை போட்டு வெளக்கு வச்சிருக்கியே. மருமக போன்ல காட்டினா. ஒன் வீட்டு ஹாலுதான அது?"

அந்தப் பேய்ப்படத்தின் முன்னோட்டக் காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. புகை, அலறல், என் சோபா, என் ஹால். பிறகு என் சுவர். அதில் என் தம்பியின் சட்டமிட்ட படம். சந்தன மாலை, நெற்றியில் கண்ணாடிமேல் குங்குமப் பொட்டு, கீழே சின்ன சிவப்பு பல்ப். கேம் செய்த ஆவி அவன்தானாம். படத்திலிருந்த அவன் கண் இரண்டும் எரிந்து, கீழே "ஆட்டம் முடிந்தது" என்று எழுத்து வந்தது.

உயிரோடு இருக்கிறவர்களின் படத்துக்கு நாங்கள் மாலை போடமாட்டோம். விளையாட்டுக்குக்கூட. கல்யாணப் படத்தில் கழுத்தில் மாலை இருக்கலாம், சட்டத்துக்குமேல் தொங்கக்கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, எல்லாருக்கும் தெரியும். அதனால் பார்த்தவர்கள் யாரும் அதைச் சினிமா என்று நினைக்கவில்லை. சினிமாக்காரர்கள் வீட்டில் இருந்த படத்தை அப்படியே காட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள்.

"உயிரோடதான்க்கா இருக்கான்" என்றேன்.

"எங்க இருக்கான்?"

அது எனக்கே தெரியாது. ஏழு வருடமாக எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை.

காரணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அம்மா இறந்தது ஒரு நீண்ட விடுமுறையின் முதல் நாள். தம்பி சிங்கப்பூரில் வேலை பார்த்தான், ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து போய் வருகிறவன். காலையிலேயே செய்தி சொல்லிவிட்டோம். மின்சுடலையில் நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். மூன்றரை வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. பெரியம்மா மகன்தான் வைத்தார். எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆறரைக்கு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான். பாலத்தில் ஜாம், மோட்டார் பாதை அடைத்துக்கொண்டது, வண்டி நடுவில் நின்றுவிட்டது, தள்ளிக்கொண்டே வந்தேன், போனில் பேட்டரி இல்லை என்றான். மணி மணியாகச் சொன்னான்.

எனக்கு அது எழுதி வைத்துப் படித்த மாதிரி இருந்தது. "பாஸ்போர்ட்டக் காட்டு" என்றேன்.

கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். அவனைப்போல் வேலைக்குத் தினமும் போய் வருகிறவர்களுக்கு முத்திரை குத்துவதில்லை, இது ஜொகூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். பிறகு அதை அவன் கையில் கொடுத்து, "ஒன்னத் தலமுழுகிட்டேன், போ" என்றேன். பிணம் எடுத்த பிறகு குளித்த ஈரம் என் தலையில் இன்னும் காயாமல் இருந்தது. அவன் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அந்த முன்னோட்டக் காட்சி அவன் கண்ணில் பட்டால் என்ன நினைப்பான்? வாயால் சொன்னதைச் சுவரிலும் செய்துவிட்டாள் அக்கா என்றுதானே. உடனே யார் இதைச் செய்தது என்று தேட ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

முதலில் கணவர். தம்பிமேல் அவருக்கு எப்போதும் ஒரு இரக்கம் உண்டு. படத்தை எடுத்து மாட்டியது அவர்தானோ, இவர்களுக்குள் எனக்குத் தெரியாமல் பேச்சு இருக்கிறதோ என்று அவருடைய முகத்தையே பார்த்தேன்.

"நான் எடுக்கல. நம்பர் தெரிஞ்சிருந்தா ஒனக்கு முன்னாடியே நான் பேசியிருப்பேன்" என்றார். அவர் போனை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலமே கூலாய் அக்கா தன் கணவரோடு வந்துவிட்டார். தேநீர் கொடுத்தேன், தொடவில்லை. சினிமாக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு குறுக்குக் கேள்விகூடக் கேட்கவில்லை, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசியில் இரண்டு பேரும் எழுந்தார்கள், செருப்பைப் போட்டார்கள், திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்கள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். நான் சொன்னதில் ஒன்றையும் அவர்கள் நம்பவில்லை. தம்பி செத்துப்போய், பழைய கோபத்தில் யாருக்கும் சொல்லாமல் நானே காரியத்தை முடித்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட என்னை ஊர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நன்றாக இல்லை.

மறுநாள் இயக்குநரின் அலுவலகத்துக்குப் போனேன். ஸ்கூடாயில் ஒரு கடை வரிசைக்கு மேலே, குறுகலான படி. அவன் கையெழுத்துப் போட்ட தாளையும் கொண்டுபோனேன். தம்பி படம் அலமாரியில்தான் இருந்தது என்று நினைத்திருந்தேன்; அலமாரியைத் திறந்திருக்கிறீர்கள், போலீசில் சொல்வேன் என்று படியேறும்போதே வாக்கியம் தயார்.

அரங்க அலங்காரம் பார்த்த பெண் அங்கே இருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நான் கத்தியதை முழுதும் கேட்டுவிட்டு, "அலமாரிய நாங்க தொடவே இல்ல ஆண்ட்டி. ஸ்டோர்லதான் இருந்துச்சு" என்றாள்.

"ஸ்டோர்ல எப்படி வரும்?"

"பழைய பாய்க்குப் பின்னால ஒரு பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள படமும் சந்தன மாலையும் ஒண்ணாத்தான் இருந்திச்சு. மாலையோட இருந்ததால எறந்து போனவருன்னு நெனச்சுட்டேன். பழைய சாமான எடுத்துக்கலாம்னு நீங்கதான எழுதியிருந்தீங்க. உங்கள கேக்கலாம்னு பாத்தேன், ஆஸ்பத்திரி போயிட்டீங்கன்னாங்க. சாரி ஆண்ட்டி."

எனக்கு நினைவு வந்துவிட்டது. அம்மாவின் முதல் வருடத் திதி அன்று அவன் வரவில்லை. நான் அவனுக்குச் சொல்லவில்லை, ஆனாலும் வரவில்லையே என்று கோபம். அம்மா படத்துக்குப் புது சந்தன மாலை போட்டுவிட்டுப் பழையதைக் கழற்றினேன். பக்கத்தில் அவன் படம் சிரித்துக்கொண்டிருந்தது, அதையும் ஆணியிலிருந்து கழற்றினேன். கையில் ஒரே பைதான் இருந்தது. இரண்டையும் அதில் திணித்து ஸ்டோரில் போட்டேன். அம்மாவின் மாலையைக் குப்பையில் போட மனம் வரவில்லை என்பதால்தான் பை. அந்தப் பெண் பையில் இருந்ததை எடுத்துச் சுவரில் மாட்டினாள், அவ்வளவுதான். அவனை மாலையோடு சேர்த்து வைத்தது நான்.

இயக்குநர் அந்த இடத்தை வெட்டிவிடுவதாகச் சொன்னான். "ஆனா வாட்ஸ்அப்ல போனது போனதுதான் ஆண்ட்டி. அத யாராலயும் திருப்பி வாங்க முடியாது."

படப்பிடிப்பு முடிந்ததும் அவர்களுடைய சாமான்களோடு போய்விட்டிருந்த அந்தப் படத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து குங்குமத்தைத் துடைத்தேன். எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது, சாமியிடமே கணக்குக் கேட்கிறவள். ஆனாலும் மாலை விழுந்தால் விடிவதற்குள் ஆள் காலி என்ற அந்தச் சின்னப் பிள்ளைக் கதை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மாலை விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. அவனுடைய பழைய எண் பயன்பாட்டில் இல்லை. அவன் வாடகைக்கு இருந்த ஜொகூர் பாரு அடுக்குமாடிக்குக் கணவரோடு போனேன், வேறு யாரோ கதவைத் திறந்தார்கள். எதிர்வீட்டு அம்மா, கொரோனாவில் எல்லையை மூடுவதற்கு முன்பே அவன் காலி செய்துவிட்டான் என்றார். நோய்க் காலத்தில் எத்தனை பேர் போனார்கள். அந்தக் காலத்தில் அவன் பாலத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. கூலாய் அக்காவிடம் உயிரோடுதான் இருக்கிறான் என்று அடித்துச் சொன்னேனே, எதை வைத்துச் சொன்னேன்? என் கையில் ஒரு சான்றும் இல்லை. பயந்துவிட்டேன். அவன் நிஜமாகவே இல்லாமல் போயிருந்தால், அதை எனக்குச் சொல்லியது ஒரு பேய்ப்படம் என்றாகிவிடும்.

வியாழக்கிழமை மதியம் ஒரு செய்தி வந்தது. தெரியாத எண்.

"அக்கா. நான்தான். புது நம்பர்."

இந்த நாட்டில் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த வாக்கியம் தெரியும். மோசடிக்காரர்கள் அனுப்புவது எழுத்துக்கு எழுத்து இதுதான். என் தோழி ஒருத்தியை இப்படித்தான் ஏமாற்றினார்கள். யாரோ முன்னோட்டக் காட்சியைப் பார்த்து, வீட்டு விவரம் விசாரித்து, நான் கலங்கியிருக்கும் நேரம் பார்த்து வலை போடுகிறான் என்று நினைத்தேன். விரல் தன் வேலையைச் செய்தது.

"யார் நீங்கள்?" என்று அனுப்பினேன்.

"தம்பி."

"என் தம்பி என்றால் அப்பாவின் முழுப் பெயர் என்ன?"

பதில் வந்தது. சரியாக இருந்தது. பெயரை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிறகு ஒரு குரல் பதிவு வந்தது, "அக்கா, நான்தான்க்கா" என்று. குரல் கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் அவனுடையதுதான். குரலையும் இப்போது கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்களாம். நான் விடவில்லை.

"ஐசி எண்ணில் கடைசி நான்கு இலக்கம் அனுப்பவும்" என்று எழுதினேன். அலுவலகக் கடிதம் மாதிரியே.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மாட்டிக்கொண்டான், ஓடிவிட்டான் என்று ஒரு நொடி எனக்கு வெற்றிகூடத் தோன்றியது. பிறகு வந்தது.

"நான் செத்ததுக்கு நீ ஒரு சாட்சியும் கேக்கல. உயிரோட இருக்கேன்னு சொன்னா மட்டும் ஐசி கேக்குற."

இதை எந்த மோசடிக்காரனும் எழுதமாட்டான். நான் உடனே அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான். பின்னால் பஸ் ஏதோ புறப்படும் சத்தம்.

நான் பேச ஆரம்பித்தேன். நிறுத்தவே முடியவில்லை. தோழியின் மகன் கேட்டான், மூன்று நாள் எடுத்தார்கள், இரண்டாம் நாள் எனக்கு ஆஸ்பத்திரியில் கண் பார்க்க நாள், எட்டு மணிக்குக் கிளம்பினேன், கண்ணில் மருந்து விட்டார்கள், இரண்டு மணிக்குத் திரும்பினேன், பார்வை மங்கல், ஸ்டோரில் ஒரு பை, அதில் அம்மாவின் மாலை, அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, நான் பார்க்கவே இல்லை. மணி மணியாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே என் காதில் விழுந்தது. எழுதி வைத்துப் படிக்கிற மாதிரியே இருந்தது. என் முன்னால் யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்கமாட்டேன். காட்டுவதற்கும் என்னிடம் ஒன்றுமில்லை. கண் மருத்துவமனைச் சீட்டை எங்கோ போட்டுவிட்டேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தும் வரை அவன் குறுக்கே பேசவில்லை. இப்போது என்ன கேட்பான் என்று காத்திருந்தேன். என்ன கேட்டாலும் காட்டத் தயாராக இருந்தேன், எவ்வளவு பேர் முன்னால் என்றாலும்.

"சரிக்கா. நம்புறேன்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஒரு கேள்வி இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில், தலைக்கவசத்தோடு, வேர்த்து விறுவிறுத்து நின்றபோது என்னிடமிருந்து அவனுக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வார்த்தைதான்.

"அன்னைக்குப் பாலத்துல ஜாம்னு சொன்னியே" என்றேன். அதற்குமேல் சொல்ல விடாமல் அழுகை வந்துவிட்டது.

நான் அழுது முடிக்க வெகுநேரமானது. அதுவரை அவன் போனை வைக்கவில்லை.